மூன்றாம் பந்தலிலிருந்து வந்த சீட்டு

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, உடனே 'சேர்ந்தது' என்று பதில் வந்தாலே போதும். யாரிடம் சேர்ந்தது, அவர் பார்த்தாரா, பார்த்தது மண்டையில் ஏறியதா என்றெல்லாம் அந்தக் கருவியைக் கேட்க முடியாது. வீட்டில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். போனைப் பார்த்து இந்த மனிதன் ஏன் பல்லைக் கடிக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் இதுவரை சொன்னதில்லை.

புதிய நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் வாத்தியார். வயது இருபத்தாறு. சென்னையில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தவன் என்பதால், ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் எவனும் இல்லை என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்கு அப்போதே யாராவது இரண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சென்டரும் கீழே இருந்த ஜவுளிக்கடையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். அவர் ஒரு சேவைக் குழுவுக்கும் தலைவர். கார்த்திகைத் தீபத்தன்று கூட்டத்தில் காணாமல் போகிறவர்களைக் கண்டுபிடித்து உறவுக்காரர்களிடம் சேர்ப்பது அந்தக் குழுவின் வேலை. கிரிவலப் பாதையில் நான்கு இடங்களில் பந்தல் போடுவார்கள். தொலைந்த குழந்தை, வழி தெரியாத பெரியவர் என்று யார் கிடைத்தாலும் பக்கத்துப் பந்தலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். தேடுகிறவர்கள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்த தலைமை முகாமுக்கு வருவார்கள். பந்தலுக்கும் மண்டபத்துக்கும் நடுவே சைக்கிளில் ஆள் போய்ச் சொல்லவேண்டும். தீபத்தன்று அந்தக் கூட்டத்தில் சைக்கிள் எங்கே போகும்? தோளில் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

"கம்ப்யூட்டர்ல ஏதாவது பண்ண முடியாதாப்பா?" என்று தலைவர் கேட்டார். முடியாது என்று சொல்லத் தெரியாத வயது எனக்கு.

பந்தலுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு தற்காலிக டெலிபோன் இணைப்பு. அங்கே இருக்கும் தொண்டர், கிடைத்தவரின் பெயர், வயது, ஊர், உடை எல்லாவற்றையும் ஒரு சீட்டில் அடித்து அனுப்பு என்று அமுக்குவார். அது மண்டபத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வந்து திரையில் ஒரு பட்டியலில் வரிசையாக விழும். அதைப் பார்த்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பந்தலில் இருப்பவருக்கும் மனநிம்மதி வேண்டுமே என்று, சீட்டு வந்தவுடன் அவர் திரையில் 'சேர்ந்தது' என்று ஒரு சொல் தெரியும்படி வைத்தேன். அந்தச் சொல்லைப் போட்டதற்கு எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

இங்கே கொஞ்சம் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். மண்டபத்துக் கம்ப்யூட்டரில் நான்கு மோடத்துக்கும் காது கொடுத்துக் கேட்க நான்கு பேர் தனித்தனியாக வேண்டும். நிஜ ஆட்கள் இல்லை, ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் நான்கு வேலைகள். த்ரெட் என்பார்கள். நான் வேலைக்காரர்கள் என்றே சொல்கிறேன். ஐந்தாவதாக ஒருவன் இருக்கிறான், அவன் திரைக்காரன். விண்டோ என்கிற ஜன்னலை வரைவது, பட்டியலை நகர்த்துவது, மவுஸ் அமுக்கினால் கவனிப்பது எல்லாம் அவன் பாடு. நாள் முழுவதும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, தனக்கு என்ன கடிதம் வந்திருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாகச் செய்வான்.

வேலைக்காரன் நேராகப் போய்த் திரையில் எழுதக் கூடாது. ஓட்டலில் சமையல் கட்டில் இருப்பவர்கள் நான்கு பேரும் கரண்டியோடு பந்திக்கு வந்தால் என்ன ஆகும்? முதல் ஒத்திகையில் அதைத்தான் செய்தேன். இரண்டு பந்தலிலிருந்து ஒரே சமயத்தில் சீட்டு வந்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது. பிறகு ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு படித்தேன். வேலைக்காரன் திரைக்காரனுக்குக் கடிதம் போடவேண்டும், திரைக்காரன் தன் நேரத்தில் எடுத்துப் பார்ப்பான், அதுதான் முறை என்று இருந்தது. கடிதம் போட இரண்டு வழிகள். ஜன்னலின் எண்ணைப் போட்டு அனுப்புவது ஒன்று. ஜன்னல் எண் இல்லாமல் திரைக்காரன் பெயருக்கே அனுப்புவது இன்னொன்று. இரண்டாவதற்கு எழுதவேண்டிய வரிகள் கம்மி. அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஓர் எச்சரிக்கை இருந்தது. நான் திருப்பவில்லை.

ஒத்திகை பார்த்தோம். பத்து முறை, இருபது முறை. ஒரு சீட்டும் தொலையவில்லை. தலைவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மண்டபத்துக் கம்ப்யூட்டரில் உட்கார ஆள் வேண்டும். சென்டரில் டைப்பிங் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தலைவர் தேர்ந்தெடுத்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். விவசாயக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. விரல்கள் அவ்வளவு வேகம், ஒரு தப்பும் இருக்காது. ஒரு வருடமாகத் தற்காலிகம் என்று வைத்திருந்தார்கள். தீபம் முடிந்ததும் நிரந்தரம் பண்ணிவிடுகிறேன் என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வேலை கிடைத்தால்தான் மேலே படிக்க முடியும் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். வேலை இல்லை என்றால் வீட்டில் மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

தீபத்தன்று காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடந்தது. சீட்டுகள் விழுந்தன, ஒலிபெருக்கியில் பெயர்கள் போயின, அழுதுகொண்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். மணிக்கு ஒரு தடவை பட்டியலை அச்சு எடுத்துச் சுவரில் ஒட்டவேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார். அவள் மறந்துவிடக் கூடாதே என்று நான் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தேன். மணி அடித்ததும் திரையின் நடுவில் ஒரு பெட்டி தானாக வந்து நிற்கும். 'பிரிண்ட் எடுக்கவா?' என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்கினால் அச்சாகும். ஒவ்வொரு மணிக்கும் அவள் அது வந்த வினாடியே அமுக்கிவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கும் அந்தப் பெட்டி வரும். இதை யோசிக்க எனக்கு மூளை இல்லை. நான் அந்த மலைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவன். தீபத்தன்று ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் எவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்? அமெரிக்காவில் எவனோ இந்தப் புரோகிராமை எழுதியிருந்தால் மன்னிக்கலாம். நான் எழுதினேன்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்தில் விளக்குகளை அணைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். மேலே மலையில் ஜோதி தெரியும்வரை கீழே ஒரு விளக்கும் எரியக் கூடாது. தெரிந்த பிறகுதான் வீட்டில் அகல் ஏற்றுவார்கள். தலைவர் கதவருகில் நின்று பார்த்தார். இருட்டில் கம்ப்யூட்டர் திரை மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"அதையும் அணைம்மா. ஜோதி தெரியறதுக்கு முன்னாடி இன்னா வெளிச்சம்?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "புரோகிராமை நிறுத்தணுமா சார்?"

"வேணாம்மா. மானிட்டரை மட்டும் ஆஃப் பண்ணு. உள்ள அது பாட்டுக்கு ஓடும். வர்ற சீட்டெல்லாம் நிக்கும், வந்து பாத்துக்கலாம்" என்றேன்.

நான்தான் சொன்னேன். அவள் பொத்தானை அமுக்கினாள். எல்லோரும் மாடிக்கு ஏறினோம்.

மேகம் கொஞ்சம் இருந்தது. ஒரு நிமிடம் மறைத்தது, பிறகு விலகியது. உச்சியில் அந்தப் புள்ளி தெரிந்ததும் ஊர் முழுவதும் அரோகரா என்று எழுந்த சத்தத்தில் எனக்கும் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை. பக்கத்தில் அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி நின்றாள். பிறகு கீழே வந்து மண்டப வாசலில் அகல் ஏற்றினார்கள். ஆளுக்கொரு பொரி உருண்டை கொடுத்தார்கள். அவள் தன் இடத்துக்குத் திரும்பி மானிட்டரைப் போட்டபோது ஆறு இருபத்தைந்து.

ஏழு மணிக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். ஆறு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை. பேச வராத குழந்தை. மஞ்சள் பாவாடை. ஒரு காலில் மட்டும் கொலுசு. இன்னொன்று வேனில் வரும்போது கொக்கி விட்டுப்போய், அம்மாவின் கையில் இருந்தது. கிடைத்தவர்கள் பட்டியலை அவள் மேலிருந்து கீழே பார்த்தாள். இல்லை. காணாமல் போனவர்கள் பட்டியலில் குழந்தையின் பெயரையும் ஊரையும் அடித்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்த ஒலிபெருக்கிகளின் ஒயர் மாட வீதிகளோடு சரி. பந்தல்களுக்குக் கேட்காது.

"பேசத் தெரியாதுங்க பாப்பாவுக்கு. கூப்ட்டாலும் வாயத் தொறக்காது. யாராவது பாத்துதான் சொல்லணும்" என்று அந்த அப்பா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேஜையருகில் வந்து சொன்னார். அவள் ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். அம்மா அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்து கொலுசின் கொக்கியைப் பல்லால் கடித்து நேராக்கிக்கொண்டே இருந்தார். நேரானதும் மறுபடி வளைப்பார். மறுபடி கடிப்பார்.

எட்டே முக்காலுக்கு மண்டபத்து டெலிபோன் அடித்தது. செங்கம் சாலையில் இருந்த மூன்றாம் பந்தலின் தொண்டர். மோடத்திலிருந்து ஒயரைப் பிடுங்கி டெலிபோனில் மாட்டிப் பேசினார்.

"இன்னாங்க பண்றீங்க அங்க? மஞ்சப் பாவாட கட்டிகினு ஒரு பாப்பா. ஆறு அஞ்சுக்கே அனுப்பிட்டேன். சேர்ந்ததுன்னு வந்துச்சே. ரெண்டரை மணி நேரமா அழுதுகினு இருக்குது, ஒருத்தரும் வரக் காணோம்."

குழந்தை கிடைத்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. தொண்டரே தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லவந்தது குழந்தையைப் பற்றி இல்லை.

குழந்தை வருவதற்கு முன்பே மண்டபத்தில் விசாரணை தொடங்கிவிட்டது. தலைவருக்கு, கூட்டத்துக்கு முன்னால் முகம் போய்விட்டது என்ற ஆத்திரம். நேராக அவளிடம் போனார்.

"உன்ன நம்பி உக்கார வெச்சா, நீ மாடியில நின்னு கும்பிட்டுகினு இருக்கியா?"

மாடியில் அவள் பக்கத்தில் நின்று கும்பிட்டவர்தான் கேட்கிறார். விளக்கை அணைக்கச் சொன்னவர்தான் கேட்கிறார். சுற்றி நின்ற பத்து இருபது பேரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

"சீட்டு வரலைங்க. வந்திருந்தா லிஸ்ட்ல இருக்குமே. நான் எதையும் அழிக்கலைங்க" என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க சார். நான் வந்து மானிட்டரப் போட்டப்ப, நடுவுல பிரிண்ட் எடுக்கவான்னு அந்தப் பெட்டி நின்னுகினு இருந்துச்சு. ஆமான்னு அமுக்கினேன். வேற எதையும் தொடல."

காரணத்தை அவள் என் கையில் எடுத்துக் கொடுத்தாள். பெட்டி நின்றுகொண்டிருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு பிழையை எவராலும் சொல்ல முடியாது. பிறகு எத்தனையோ பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டேன். தப்பு நடந்த இடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

நான் என்ன சொன்னேன்?

"புரோகிராம் சரியாத்தான் இருக்குங்க. பந்தல்ல சேர்ந்ததுன்னு வந்திருக்கே. வராம எப்படி அப்படிக் காட்டும்?"

அவ்வளவுதான். தலைவருக்கு அது போதும். பெற்றவர்களைப் பார்த்து, "இந்தப் பொண்ணு கவனிக்கலைங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். அந்த அம்மா எழுந்து அவளருகில் வந்தார். திட்டவில்லை.

"உன் கண்ணு முன்னாடிதானேம்மா உக்காந்திருந்தேன்" என்றார்.

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு எது என்று தேடும்போதுதான் அழுதாள். மறுநாள் சென்டருக்கு வரவில்லை. வரவேண்டாம் என்று ஆள் போய்ச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு வாரம் அந்தப் பெட்டி என்னைத் தூங்கவிடாமல் குடைந்தது என்று எழுதினால் நான் நல்லவன் மாதிரி இருக்கும். உண்மையில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தன் தப்பை என் புரோகிராம் மேல் போடுகிறாளே என்ற எரிச்சல். அவள் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகத்தான் ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். அந்தப் பெட்டியை வரவழைத்தேன். அமுக்காமல் விட்டேன். பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சீட்டு அனுப்பினேன். 'சேர்ந்தது' என்றது. கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பெட்டியை அமுக்கினேன். பட்டியல் காலியாக இருந்தது. இன்னொரு தடவை செய்தேன். காலி. பெட்டி இல்லாமல் அனுப்பினேன், வந்தது. பெட்டியோடு அனுப்பினேன், வரவில்லை.

அப்போதுதான் ஜெராக்ஸில் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். கேள்விப் பெட்டி ஒன்று திரையில் நிற்கும்வரை, திரைக்காரனின் நாற்காலியில் வேறொருவன் உட்காருகிறான். வருகிற கடிதங்களை அவன்தான் பிரிக்கிறான். ஜன்னல் எண் இருந்தால் அந்த ஜன்னலுக்குக் கொடுப்பான். எண் இல்லையென்றால் யாருக்கு என்று அவனுக்குத் தெரியாது, அப்படியே கீழே போட்டுவிடுவான். சத்தம் இல்லை, புகார் இல்லை. ஆறு மணியிலிருந்து ஆறு இருபத்தைந்துவரை, இருட்டான திரைக்குப் பின்னால் பெட்டி நின்றது. ஒவ்வொரு சீட்டையும் வேலைக்காரன் வாங்கினான், கடிதம் போட்டான், பந்தலுக்குச் 'சேர்ந்தது' என்று பதில் சொன்னான். கடிதம் ஒன்றும் போய்ச் சேரவில்லை. பந்தல்களில் கேட்டுப் பார்த்ததில், அந்த இருபத்தைந்து நிமிடத்தில் ஏழு சீட்டு அனுப்பியிருந்தார்கள். மற்ற ஆறு பேர் எப்படியோ தாங்களாகவே வீடு சேர்ந்திருந்தார்கள்.

கையில் இருந்த ஜெராக்ஸைக் கிழித்தேன். கிழித்தால் என்ன வரும்? பிறகு பசை போட்டு ஒட்டினேன், வேறு பிரதி இல்லை.

திருத்துவதற்கு மூன்று நாள்தான் ஆயிற்று. வேலைக்காரன் சீட்டைக் கடிதத்தில் வைத்து அனுப்பக் கூடாது. ஒரு பொதுவான கூடையில் போடவேண்டும், கூடையில் ஒருவன் கை வைத்திருக்கும்போது இன்னொருவன் கை வைக்காதபடி ஒரு பூட்டு வேண்டும். ஜன்னலைத் தட்டிச் சொல்லவேண்டும். தட்டியது காதில் விழாமல் போனாலும் சீட்டு கூடையிலேயே இருக்கும், திரைக்காரன் அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்வான். அவன் எடுத்துப் பட்டியலில் போட்ட பிறகுதான் பந்தலுக்குச் 'சேர்ந்தது' என்று போகவேண்டும். அதற்கு முன்னால் அந்தச் சொல்லை உச்சரிக்க எவனுக்கும் உரிமை இல்லை. பெட்டி திறந்திருக்க ஐம்பது சீட்டு அனுப்பிப் பார்த்தேன். ஐம்பதும் வந்தன.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். புடவைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டார்.

"தப்பு என் புரோகிராம்லதாங்க. அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல."

"சரிப்பா. இப்ப சரி பண்ணிட்டே இல்ல? வுடு."

"அவங்ககிட்ட சொல்லணுங்க. திரும்பக் கூப்பிடணும்."

"அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சே. சொல்லி அனுப்பறேன். அவங்க ஊர் ஆளு தெனம் நம்ம கடைக்கு வர்றான்" என்றார்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்று கையை ஆட்டினார். எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. யாரிடம் சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார், அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கீழ்பென்னாத்தூர் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? பஸ் ஏறினால் காபி குடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. நான் ஏறவில்லை. அடுத்த கோடையில் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

ஆறு வருடம் கழித்து ஒரு தீபத்துக்கு ஊருக்கு வந்தேன். அலுவலகத்து நண்பர் ஒருவருக்கு ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துக் கொடுத்திருந்தேன். அவரைத் தங்கவைக்கச் சாயங்காலம் அந்த விடுதிக்குப் போனபோது ஆறு மணியாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வெள்ளைக்காரர்கள், வேலைக்காரர்கள், சமையல்காரர் என்று எல்லோரும் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். நண்பரும் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். வரவேற்பு மேஜையில் ஒரு பெண் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். மற்ற விளக்கெல்லாம் அணைந்திருந்தது. அவள் முகத்தில் கம்ப்யூட்டர் வெளிச்சம்.

"மேல போகலியா?" என்று கேட்ட பிறகுதான் யார் என்று தெரிந்தது.

அவள் என்னை முன்பே கண்டுகொண்டிருந்தாள். "இல்லைங்க சார். இந்த நேரத்துல நான் எழுந்துக்கறதில்ல."

"ஏன்?"

"அன்னைக்கு எழுந்து போனேனே சார். போதாதா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பது மாதிரி சொன்னாள். "எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன். அழிச்சிட்டேனா, கண்ணுல படலியா, இன்னா பண்ணேன்னே தெரியல. அந்தப் பாப்பா பேரு மட்டும் மறக்கல."

"உங்ககிட்ட சொல்லலியா? தலைவரு ஆள் அனுப்பினாரே?"

"எங்கிட்ட யாரும் வரலியே சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, ஆறு மணி, ஜன்னல் எண், குப்பைக்குப் போன சீட்டு. அவளுக்குப் புரிய வேண்டியதில்லை என்று நினைத்த இடங்களில்தான் அவள் கேள்வி கேட்டாள்.

"அப்ப நான் சொன்னது சரிதான். பெட்டி நின்னுகினு இருந்துச்சுன்னு சொன்னேன்."

"ஆமாம்மா."

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுச்சு?"

"ரெண்டு வாரத்துல."

"ரெண்டு வாரத்துல" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அதன் பிறகு அவள் என்னை சார் என்று கூப்பிடவில்லை.

தலைவர் மேல் எனக்கு வந்த கோபத்தை அங்கேயே கொட்டத் தொடங்கினேன். சொன்னேன் என்று கையை ஆட்டினாரே, இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று ஏதேதோ பேசினேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டதும் நிறுத்தினேன். சொல்லியாச்சு என்று அவர் சொன்ன சொல்லை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினவன் நான்.

"அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

"எந்த அம்மா?"

"கொலுசு வெச்சிருந்தாங்களே."

ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அது எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் எந்த ஊர் என்றுகூட அப்போது எனக்கு நினைவில் இல்லை.

அவள் ஒரு சீட்டை எடுத்தாள். குழந்தையின் பெயர், அப்பாவின் பெயர், ஊர், கீழ்பென்னாத்தூரில் இறங்கி எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதுவரை நிறுத்தாமல் எழுதினாள். "அன்னைக்கு நான்தானே டைப் பண்ணேன்" என்றாள்.

"நீங்களே போகணும். ஆள் அனுப்பக் கூடாது" என்று சீட்டை என் பக்கம் தள்ளினாள். "எம் மேல தப்பு இல்லன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு, திரும்ப இங்க வரணும். வந்து, அவங்க இன்னா சொன்னாங்கன்னு எங்கிட்ட சொல்லணும். அப்பதான் நீங்க சொன்னதா எடுத்துக்குவேன்."

மாடியிலிருந்து அரோகரா என்று சத்தம் வந்தது. தெரு முழுவதும் அதை வாங்கிச் சொன்னது. நான் என்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பினேன். அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடி, கையை மவுஸின் மேல் வைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் கீழ்பென்னாத்தூர் போனேன்.